காக்கிச் சட்டையும் தண்ணீர்க் குடமும்

காக்கி உடுப்பு. தலையில் தொப்பி. தொப்பியில் சிவப்புக் குஞ்சம். காலில் பூட்ஸ். இப்படி விறைப்பாக நிற்கும் எட்டாம் வகுப்புப் பையனின் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

சிரிப்பாக இருக்கும் என்பார்கள் சிலர். பட்டாளத்துப் பயிற்சிக்கும் குப்பை கூட்டுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள்.

சம்பந்தம் உண்டு. அது இன்று நேற்று ஏற்பட்டதும் அல்ல.

தேசிய மாணவர் படை என்பது அதன் முழுப் பெயர். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "என்.சி.சி." என்றால்தான் தெரியும். நாடு விடுதலை அடைவதற்கு முந்திய ஆண்டு, 1946ல், பண்டித குன்ஸ்ரு தலைமையில் ஒரு கமிட்டி அமைக்கப்பட்டது. அதன் யோசனைப்படி 1948ல் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஜூலை 15ந் தேதி படை பிறந்தது. மறு ஆண்டே மாணவிகளுக்கும் தனிப் பிரிவு ஏற்பட்டது. 1952ல், பிரதமர் நேருவின் விருப்பப்படி, சமூக சேவையும் பாடத்தில் சேர்க்கப்பட்டது. துப்பாக்கியைத் தோளில் வைக்கக் கற்பவன் மண்வெட்டியையும் தோளில் வைக்க வேண்டும் என்று அன்றே முடிவாகிவிட்டது.

1962ல் சீனப் படையெடுப்பு. அடுத்த ஆண்டு கல்லூரிகளில் இந்தப் பயிற்சி கட்டாயம் ஆயிற்று. 1968ல் அந்தக் கட்டாயம் நீங்கியது. 1965, 1971 யுத்தங்களின்போது மாணவர்கள் ஊர்க் காவலுக்கும், போக்குவரத்தை ஒழுங்கு செய்வதற்கும், ஆயுதத் தொழிற்சாலை வேலைக்கும் உதவினார்கள்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு தனிக் கதையும் இருக்கிறது. இந்தியில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாத பையனுக்கும் "சாவ்தான்", "விஷ்ராம்" என்ற இரண்டு சொற்கள் தெரியும். அணிவகுப்பில் அதுதான் கட்டளை. 1968 ஜனவரியில், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டசபையில் நிறைவேறிய மொழித் தீர்மானம் இந்தக் கட்டளைச் சொற்களையும் விட்டுவைக்கவில்லை. அவை வேண்டாம் என்றது. சொற்கள் போகவில்லை. டிரில் முடிந்ததும் கிடைக்கும் பரோட்டாவை நினைத்துக்கொண்டு, பையன்களும் அந்தச் சொற்களுக்குக் காலை உயர்த்தி அடிக்கத்தான் செய்கிறார்கள்.

திண்டுக்கல்லுக்கு வருவோம்.

படை என்றால் என்ன என்று இந்த ஊருக்குச் சொல்லித் தர வேண்டியது இல்லை. நடு ஊரில் நிற்கும் மலைக்கோட்டையே சாட்சி. நாயக்கர் கட்டியது, ஐதர் அலி ஆண்டது, திப்புவிடம் இருந்து வெள்ளைக்காரன் பிடித்தது. அந்தக் கோட்டையைச் சுற்றியுள்ள பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காக்கி உடுத்தும்போது, ஊர் அவர்களிடம் எதிர்பார்ப்பது என்ன?

இன்று நடப்பது பெரும்பாலும் இதுதான். ஒரு விசேஷ நாள் வருகிறது. துணியில் எழுதிய வாசகத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். மரக்கன்று நடுகிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள். அதோடு சரி.

கன்று நடுவது நல்ல காரியம். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் திண்டுக்கல் சமவெளியின் வெயில் ஊர்வலத்துக்காகக் காத்திருப்பது இல்லை. மழைக்காலத்தில் நட்ட கன்று மாசி வரை எப்படியோ தாக்குப் பிடிக்கும். சித்திரையில்தான் அதற்குச் சோதனை. அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்டுவிடுகிறார்கள்! கேட் பூட்டியிருக்கிறது. பையன் பாட்டி வீட்டில் இருக்கிறான். கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வேலி இருக்கிறது. உள்ளே காய்ந்த குச்சி நிற்கிறது. மறுபடியும் ஒரு விழா. அதே குழியில் புதுக் கன்று.

இந்த இடத்தில்தான் அணிவகுப்பின் ஒழுங்கு வேலைக்கு வர வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் ஒரு "ட்ரூப்"புக்கு 100 பேர். பயிற்சி இரண்டு ஆண்டு. எட்டாம் வகுப்பில் சேருகிறவன் ஒன்பதை முடித்து வெளியேறும்போது, பின்னால் வருகிறவன் தயாராக நிற்கிறான். ஒருவர் விட்ட வேலையை இன்னொருவர் எடுத்துச் செய்வதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு ஏது? நூறு கன்று வேண்டாம். பத்து நட்டால் போதும். இந்தக் கன்று இந்தத் தெருப் பையன்களுடையது என்று பிரித்துக் கொடுத்து, விடுமுறையில் யார் எந்த வாரம் தண்ணீர் சுமப்பது என்று எழுதி வைத்தால் பத்தும் பிழைக்கும்.

பழனி ரோடும் ஒரு காரியத்துக்காகக் காத்திருக்கிறது. தை மாதம் வந்தால் இந்த ரோட்டில் மனிதர் வரிசை ஓய்வது இல்லை. காரைக்குடிப் பக்கம் இருந்தெல்லாம் நத்தம் வழியாகப் பாதயாத்திரை வருகிறார்கள். திண்டுக்கல்லைத் தாண்டியபின் பழனிக்கு இன்னும் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நடக்க வேண்டும். காலில் கொப்புளம், நாவில் வறட்சி. என்.சி.சி. மாணவர்களுக்கு முதலுதவி ஒரு பாடம். கட்டுப் போடத் தெரியும்; மயங்கியவரைப் படுக்க வைக்கத் தெரியும். பகல் வேளையில், ஆசிரியர் பக்கத்தில் இருக்க, ஒரு பந்தலில் இவர்கள் உட்கார்ந்தால் எத்தனை பேருக்கு உபகாரம்! யாத்திரை போனபின் ரோட்டு ஓரம் கிடக்கும் பிளாஸ்டிக் டம்ளர்களைப் பொறுக்குவதும் நல்ல சேவைதான். இரவில் லாரிகள் பறக்கும் ரோட்டில் பதின்மூன்று வயதுப் பிள்ளையை நிறுத்திப் போக்குவரத்தைச் சமாளிக்கச் சொல்வது மட்டும் கூடாது. அது போலீசாரின் வேலை.

சாக்கடை விஷயமும் அப்படியே. கையுறை இல்லாமல் மாணவர்களைச் சாக்கடையில் இறக்குவது சேவை ஆகாது. தோல் பதனிடும் தொழில் நடக்கும் ஊர் இது. எந்தக் கழிவு எங்கே ஓடுகிறது என்று மாநகராட்சிக்குத் தெரியும். அந்த வேலைக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டியதும் அதன் பொறுப்பே. மாணவர் படை கூலி இல்லாத ஆள் படை அல்ல.

சேவையை ஒரு நாள் கூத்தாக நினைக்காதவர்கள் இந்தப் பக்கத்திலேயே இருந்தார்கள். மதுரை ரோட்டில் உள்ள காந்திகிராமத்தை 1947ல் டாக்டர் சௌந்திரமும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரனும் தொடங்கினார்கள். அங்கே மாணவர்களுக்கு "சாந்தி சேனை" அமைந்தது. அதற்கும் பயிற்சி உண்டு, துப்பாக்கி கிடையாது. கூட்டத்தைச் சமாளிப்பது, முதலுதவி செய்வது, கிராமத்துக்குள் போய் வேலை செய்வது எல்லாம் அதில் அடக்கம். கதரும் காக்கியும் வேறுதான். ஆனாலும் பக்கத்துக் கிராமத்தை விருந்தாளி மாதிரி எட்டிப் பார்த்துவிட்டு வராமல், அதையே தன் இடமாக நினைத்த பழக்கத்தைக் காக்கி உடுத்தியவர்கள் கடன் வாங்கலாம்.

இனி சர்க்காரிடம் ஒரு வார்த்தை.

என்.சி.சி. சர்டிபிகேட் வெறும் காகிதம் அல்ல. தமிழ்நாடு போலீஸ் வேலைத் தேர்வில் அதற்குச் சிறப்பு மதிப்பெண் இருக்கிறது. கல்லூரி வரை தொடர்ந்து "சி" சர்டிபிகேட் வாங்கியவருக்கு, எழுத்துத் தேர்வு இல்லாமலே ராணுவ அதிகாரி தேர்வுக்குப் போக ஒரு வழி திறக்கிறது. மானாவாரி நிலத்தை நம்பி வாழும் குடும்பத்துப் பிள்ளைக்கு இது பெரிய விஷயம். ஆனால் ட்ரூப் இல்லாத பள்ளி அதைப் பெறுவது சுலபமாக இல்லை. மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் செலவைப் பங்கு போட வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டும். செலவு முழுவதையும் பள்ளியே ஏற்றுக்கொண்டால் இன்னொரு திட்டம் தயாராக இருக்கிறது. கட்டணம் வாங்கும் பள்ளிக்கு அது முடியும். குஜிலியம்பாறைப் பக்கத்து அரசுப் பள்ளி எங்கே போகும்? காத்திருக்கும் பள்ளிகளில் முதல் இடம் கிராமத்து அரசுப் பள்ளிகளுக்கு என்று சர்க்கார் முடிவு செய்ய வேண்டும்.

இதற்கெல்லாம் முதுகெலும்பு ஒருவர் இருக்கிறார். அவர்தான் என்.சி.சி. மாஸ்டர். நாக்பூர் பக்கத்தில் காம்ப்டியில் பயிற்சி பெற்று வந்து, வகுப்பும் நடத்தி, சனிக்கிழமை மைதானத்திலும் நிற்கிறார். பெண் ஆசிரியைகளுக்குக் குவாலியரில் பயிற்சி. கோடை விடுமுறையிலும் கன்றுக்குத் தண்ணீர் போகிறதா என்று அவரே வந்து பார்க்க வேண்டும் என்றால், அதற்கு ஈடாக அவருக்கு வேறு நாட்களில் விடுப்பு தர வேண்டும். இதைத் தலைமை ஆசிரியர் மனம் வைத்தால் செய்துவிடலாம். எந்தத் தெருவுக்கு எந்தக் கன்று, எந்த வாரத்துக்கு எந்தப் பையன் என்ற பட்டியல் முழு ஆண்டுப் பரீட்சை முடிவதற்குள் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஏறிவிட வேண்டும். பரீட்சை முடிந்தால் பையன்களைப் பிடிக்க முடியாது.