வேண்டாத கருவி இயக்கிகளை நீக்குதல்

கணிப்பொறிக்கும் அதனோடு இணைக்கப்படும் அச்சுப்பொறி, ஒலிக்கருவி முதலிய சாதனங்களுக்கும் இடையே நின்று பணியாற்றும் நிரலை ஆங்கிலத்தில் ‘டிரைவர்’ என்பர். ‘ஓட்டுநர்’ என மொழிபெயர்த்தால் பேருந்துதான் நினைவுக்கு வரும். ஆகவே ‘கருவி இயக்கி’ என்றே இங்கு வழங்குவோம்.

லினக்ஸ் கருவின் மூலநிரலில் பாதிக்கு மேற்பட்ட பகுதி இவ்வியக்கிகளே. சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவான ‘பாஸ்’ இயங்குதளமும் அக்கருவின் மீதே அமைந்தது. சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் பழைய கணிப்பொறி ஒன்றை வைத்துக்கொண்டு பள்ளிக்கேற்ப இயங்குதளத்தைத் திருத்தியமைக்க முற்படும் ஆசிரியர், ‘நம்மிடம் இல்லாத கருவிகளுக்கு இயக்கிகள் எதற்கு?’ என வினவுதல் இயல்பே. ஆயினும் அவற்றை நீக்கினால் கணிப்பொறி விரைவாக ஓடும் என்ற நம்பிக்கை பெரும்பாலும் பிழையானது. தனிக்கூறாக அமைந்த இயக்கி, உரிய கருவி தென்பட்டாலன்றிப் பொதுவாக நினைவகத்தில் ஏறுவதில்லை. வட்டில் சிறிது இடம் பிடித்துக் கிடக்கிறது, அவ்வளவே.

அப்படியெனில் நீக்கவே வேண்டாமா? வேண்டும்; காரணம் வேறு. 2017-இல் ‘என்-எச்டிஎல்சி’ என்னும், பெரும்பாலோர் கேள்விப்பட்டிராத ஒரு தொடர்வழி இயக்கியில் பிழையொன்று வெளிப்பட்டது. அது 2009 முதலே அங்கிருந்தது. சாதாரணப் பயனர் ஒருவரே அவ்வியக்கியைத் தாமாக ஏற்றுவித்து, நிர்வாகியின் அதிகாரத்தைக் கைப்பற்ற இயலும் நிலை இருந்தது. இத்தகையனவற்றை அடைத்து வைத்தல் நன்று.

எமது கவலையெல்லாம், ‘வேண்டாதது’ என்று எவ்வாறு தீர்மானிக்கிறோம் என்பதிலேயே. கருவை மீண்டும் தொகுப்போர்க்கென 2009-இல் ‘லோக்கல்மாட்கான்ஃபிக்’ என்ற வசதி சேர்க்கப்பட்டது. அந்த வேளையில் ஏறியிருக்கும் தனிக்கூறுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை அது ஒதுக்கிவிடும். மிக எளிது, ஆபத்தும் அவ்வெளிமையில்தான் இருக்கிறது. இப்பணிக்குக் கோடை விடுமுறையே நமக்கு வாய்க்கும். மே மாதத்தில் மழைமானியை யார் கணிப்பொறியில் செருகி வைத்திருப்பார்? அதனை இணைக்கும் தொடர்வழி மாற்றியின் இயக்கி அன்று ஏறியிராது, ஆகவே நீங்கிவிடும். நம் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழை வருவதோ அக்டோபரில். 2021 நவம்பரில் திருப்பதியை வெள்ளக்காடாக்கிய மழையை எண்ணிப் பாருங்கள். அத்தகைய இரவில் கருவியைச் செருகி, திரையில் ஒன்றும் தோன்றாமல் நிற்கும் கள ஊழியரின் நிலை என்ன? தவறிய அளவீட்டை மறுநாள் எடுக்க இயலாது.

ஒரே கணிப்பொறியில் சீர்செய்து, அவ்வட்டின் நகலைப் பிறவற்றில் இடுவோருக்கு இன்னொரு எச்சரிக்கை. டெபியன் வழி வந்த தளங்களில் தொடக்க நினைவகக் கோப்பை ‘அந்தக் கணிப்பொறிக்கு மட்டும்’ என அமைக்க வழியுண்டு. அவ்வாறு செய்த நகல், வேறு வட்டுக் கட்டுப்பாட்டி உள்ள கணிப்பொறியில் எழும்பாமலே நின்றுவிடலாம். ‘பெரும்பாலானவை’ என்னும் இயல்பான அமைப்பையே விட்டுவைப்பது மேல்.

ஆகவே, ஓராண்டுக் காலம் எக்கருவி எந்த மாதத்தில் செருகப்பட்டது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வருக. ‘எல்எஸ்மாட்’ கட்டளை தரும் பட்டியலையும் மாதந்தோறும் அதில் சேர்க்க. அதன் பின்னரும் இயக்கியை அழிக்காமல், ‘மாட்ப்ரோப்’ அமைப்புக் கோப்பில் தடைவரி எழுதி முடக்குவதே போதுமானது. வரியை அகற்றினால் இயக்கி மீண்டும் கிட்டும். கருவையே மாற்றுவோர் பழைய கருவைத் தொடக்கப் பட்டியலில் விட்டுவைக்க. குறிப்பேடு மட்டும் காகிதத்தில் இருக்கட்டும். கணிப்பொறிக்குள் எழுதி வைத்தால், அது எழும்பாத நாளில் எவ்வாறு படிப்பது?