நலத்துறையும் நம்ம நிலமும்

சமூக நலம் என்றால் என்ன என்று கல்லூரிப் பாடப் புத்தகத்தைக் கேட்டால் அது ஒரு கதை சொல்லும். 1601-இல் இங்கிலாந்தில் ஏழைகள் சட்டம் வந்தது. 1942-இல் பெவரிட்ஜ் அறிக்கை வந்தது. பிறகு நல அரசு பிறந்தது. தருமமாகத் தொடங்கியது உரிமையாக வளர்ந்தது என்பது கதையின் சாரம். செஞ்சிப் பக்கத்துச் சேரியில் நின்று பார்க்கிற எனக்கு இந்தக் கதை தலைகீழாகத் தெரிகிறது. இங்கே உரிமையாக வந்தது தருமமாகத் தேய்ந்து போயிருக்கிறது.

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்குக் களஞ்சியத்தைக் காட்டுவார்கள். கிருஷ்ணகிரி மலைமேல் எண்ணெயும் நெய்யும் சேர்த்து வைத்த கல்தொட்டிகளைக் காட்டுவார்கள். ராஜா மக்களை எப்படிக் காத்தான் பாருங்கள் என்று வியப்பார்கள். அந்த நெல்லை விளைவித்தவன் எங்கே படுத்தான், என்ன தின்றான் என்று யாரும் கேட்பதில்லை. கோட்டையின் சின்ன மலை ஒன்றுக்குச் சக்கிலிதுர்க்கம் என்று பெயர். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சியும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. உலகப் பாரம்பரியத்தில் நம் ஆட்களுக்கு மிஞ்சியது ஒரு குன்றின் பெயர்.

வெள்ளைக்காரன் யோக்கியன் என்று நான் சொல்ல வரவில்லை. 1877 பஞ்சத்தில் சாகக் கிடந்தவர்களைக் கல்லுடைக்கவும் மண் சுமக்கவும் வைத்து, நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் கூலி நிர்ணயித்தான். ஒரு பவுண்டு என்றால் அரைக்கிலோகூட இல்லை. அதுவும் நிவாரணம் என்ற பெயரில்தான் நடந்தது.

ஆனால் அதே அரசுக்கு 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் ஓர் அறிக்கை கொடுத்தார். பறையர்கள் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர், குடிக்கிறான், சோம்பேறி என்று எழுதிவிட்டுப் போகவில்லை. உழுகிற நிலம் அவனுடையது இல்லை, குடியிருக்கிற மனைகூட மிராசுதாருடையது, வாய் திறந்தால் வீட்டைவிட்டே துரத்தலாம் என்று உண்மையை எழுதினார். 1892-இல் அரசாணை வந்தது. தரிசு நிலங்கள் தாழ்த்தப்பட்டோருக்கு ஒப்படைக்கப்பட்டன. பத்து வருசத்துக்கு விற்கக்கூடாது, பிறகு விற்றாலும் நம் ஆட்களுக்கே விற்க வேண்டும், மீறினால் கிரயம் செல்லாது என்பது கண்டிஷன். இதுதான் பஞ்சமி நிலம். மொத்தம் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் கணக்குச் சொல்கின்றன.

அது எங்கே போனது? கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வாங்கிய கடனுக்குக் கைநாட்டு வாங்கினார்கள். கிணறு வெட்டவிடாமல், வண்டிப்பாதை விடாமல் தரிசாகவே போட வைத்து, பிறகு சொற்ப விலைக்கு வளைத்தார்கள். கடைசியாக யூ.டி.ஆர். என்று 1980-களில் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது, பல ஊர்களில் அனுபவத்தில் இருந்தவன் பெயரிலேயே பட்டா ஏறிவிட்டது. மல்லாட்டை பிடுங்கக் கூலிக்குப் போகிற ஒரு கிழவி என்னிடம் சொன்னாள்: “காயிதம் எங்க பொட்டியில இருக்குது. நெலம் ஊருக்காரங்க கையில இருக்குது. அந்த நெலத்துலதான் நான் களை எடுக்கறேன்.” நலத்தின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் சொன்னதில்லை.

இன்னொரு மாற்றத்தையும் கவனியுங்கள். 1919-இல் சென்னை மாகாண அரசு நம் மக்களுக்காக நியமித்த அதிகாரிக்குப் பெயர் தொழிலாளர் ஆணையர். உழைக்கிறவர்கள், கூலி பறிக்கப்பட்டவர்கள் என்ற புரிதலாவது அந்தப் பெயரில் இருந்தது. சுதந்திரம் வந்ததும் அது ஹரிஜன நலத்துறை ஆனது. உழைப்பாளி கடவுளின் குழந்தை ஆனான். குழந்தைக்கு நிலம் எதற்கு? சட்டை கொடு, சோறு போடு, போதும். இன்றைக்கு ஆதிதிராவிடர் நலத்துறை என்கிறார்கள். பெயர் மாறியது, பார்வை மாறவில்லை. 1947-இல் அம்பேத்கர், விவசாய நிலம் முழுவதும் அரசுடைமை ஆக வேண்டும், சாதி பார்க்காமல் குத்தகைக்குத் தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதை ஒதுக்கிவிட்டு, நலிந்தோர் நலத்தை நீதிமன்றத்தில் கேட்க முடியாத நெறிமுறைக் கோட்பாட்டில் கொண்டுபோய் வைத்தார்கள்.

“சத்துணவு இல்லையா, விடுதி இல்லையா, நன்றி கெட்டவர்களா நீங்கள்?” என்று சிலர் கேட்கிறார்கள். 1956-இல் காமராசர் விரிவாக்கிய மதிய உணவும், 1982-இன் சத்துணவும் நம் பிள்ளைகளைப் பள்ளியில் உட்கார வைத்தன. நானும் விடுதிச் சோற்றில் எம்.ஏ. படித்தவன்தான். அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சோற்றுக்கான அரிசியை நட்டதும் அறுத்ததும் எங்கள் ஆத்தாக்கள். எங்கள் உழைப்பை எங்களுக்கே தட்டில் போட்டுவிட்டு நன்றி கேட்கக்கூடாது. சோறு பசிக்கு. நிலம் மானத்துக்கு. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

சோற்றுக் கணக்காவது சுத்தமா? மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்க வேண்டும் என்று 1979-80-இல் சிறப்புக்கூறுத் திட்டம் வந்தது. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் நாம் 20 விழுக்காடு. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் ஏறக்குறைய 29. 2023-இல் மகளிர் உரிமைத் தொகைக்கு இந்த நிதியிலிருந்து 1,540 கோடி ரூபாய் எடுத்ததாகச் செய்தி வந்தது. தேசிய ஆணையம் அரசிடம் விளக்கம் கேட்டது. 2024-இல் இதற்கென்று ஒரு சட்டமும் வந்தது. 2025-இல் ‘காலனி’ என்ற சொல்லை நீக்குவதாக அறிவித்தார்கள். விடுதிக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்தார்கள். வையுங்கள். பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருக்கிற மண் யாருடையது?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபர் 10-ஆம் தேதி, காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில், செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். தையல் மிஷின் கேட்டவனை யாரும் சுட்டதில்லை. நலம் கேட்டால் மனு வாங்கிக்கொள்கிறார்கள். நிலம் கேட்டால் குண்டு.

திங்கள்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் வரிசையில் நிற்கிற தோழர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மனுவால் போனது மனு கொடுத்து மட்டும் வராது. ஊர் ஊராக ‘அ’ பதிவேட்டை எடுங்கள். டி.சி. நிலம் என்று குறித்த சர்வே எண்களை எழுதிச் சேரிச் சுவரில் ஒட்டுங்கள். இன்று யார் உழுகிறார்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். அந்தப் பட்டியலோடு மொத்தச் சேரியும் போய் நிற்கட்டும். அன்றைக்குத் தெரியும், அது யாருக்கான நலத்துறை என்று.