பாஸைப் பிடிப்பது எப்படி?

ஆபீஸில் நாலு நாள் லீவு கேட்டேன். 'காரணம்' என்ற கட்டத்தில் 'சொந்த வேலை' என்று எழுதிக் கொடுத்தேன். 'பாஸ் பிடிக்கிற முறையில் மீன் பிடிக்கப் போகிறேன்' என்று உண்மையை எழுதியிருந்தால் எங்கள் பாஸ் வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருப்பார்.

பாஸ் என்பது அமெரிக்க ஏரிகளில் இருக்கும் ஒரு மீன். பெரிய வாய். நிழலான இடமாகப் பார்த்து அசையாமல் கிடக்கும். சின்னது ஏதாவது குறுக்கே போனால் ஒரே வாயில் விழுங்கிவிட்டு, மறுபடி அதே இடத்துக்குத் திரும்பி விடும். (நான் மீனைப் பற்றித்தான் சொல்கிறேன்.)

அதைப் பிடிப்பது அங்கே ஒரு மதம் மாதிரி. போட்டிகள், பரிசுகள், படகுகள், தனிப் பத்திரிகைகள். உலக சாதனை என்று பார்த்தால், 1932 ஜூன் 2-ம் தேதி ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி பிடித்தது. மழை ஈரத்தில் உழ முடியவில்லை என்று ஏரிக்குப் போயிருக்கிறார். 22 பவுண்டு 4 அவுன்ஸ், சுமார் பத்து கிலோ. எடை போட்டு, ஒரு பத்திரிகைப் போட்டிக்கு விவரம் அனுப்பிவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்! 77 வருஷம் கழித்து, 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் ஒரு அவுன்ஸுக்கும் குறைவாகக் கூடுதல் எடையில் ஒன்றைப் பிடித்தார். முறியடிக்க வேண்டுமென்றால் குறைந்தது 2 அவுன்ஸ் அதிகம் இருக்கவேண்டும் என்பது விதி. எனவே 'சமன்' என்று அறிவித்துவிட்டார்கள். ஆக, சாப்பிடப்பட்ட அந்த மீனை இன்னும் யாரும் ஜெயிக்கவில்லை.

நம் ஊரில் பாஸ் கிடையாது. பெயரில் சொந்தம் கொண்டாடுவது கொடுவா. இங்கிலீஷில் 'ஏசியன் ஸீ பாஸ்'. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிலையம் 1997-ல் அதைத் தொட்டியில் வைத்தே முட்டையிட வைத்தது. அது ஏன் பெரிய விஷயம் என்றால், கொடுவா ஆணாகப் பிறந்து, சில வருஷம் வளர்ந்து பெருத்தபின் பெண்ணாக மாறிவிடும். ஜோடி சேர்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. (அர்த்தநாரீசுவரர் மூலவராக இருக்கும் எங்கள் வாசுதேவநல்லூரில் இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.) ஆனால் கொடுவாவுக்குக் கடலும் கழிமுகமும் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் அதற்கு எங்கே போவது?

குணத்தில் சொந்தம் கொண்டாடுவது விரால். அதே பெரிய வாய், அதே நிழல், அதே பதுங்கல். அமெரிக்காக்காரன் பாஸுக்கு என்று செய்த ரப்பர் தவளையை நம் விரால் இரண்டு கைதட்டி வரவேற்கும் என்று வீடியோவில் ஒரு பையன் சொன்னான். ராத்திரி ஒரு மணிக்கு அதைப் பார்த்துக்கொண்டிருந்தது என் தப்பு.

* * *

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். ஏழு அடி ராடு ஒன்று. பிறகு ரீல். பிறகு பின்னல் நரம்பு. சாதா நைலான் நரம்பு இழுத்தால் கொஞ்சம் நீளும், பின்னல் நீளாது. தாமரைக் கொடிக்குள் நுழைந்துகொண்ட விராலை வெளியே இழுக்க அதுதான் சரி என்றார். இது உண்மைதான், பின்னால் தெரிந்தது. ரப்பர் தவளை நாலு கலரில். தவளையின் வயிறு காலி. இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேல்பக்கம் பார்த்திருக்கும். அதனால் பாசியில் மாட்டாது. மீன் கடித்தால் ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். இதைக் கண்டுபிடித்தவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

மொத்தம் 8,400 ரூபாய். மனைவியிடம் 2,400 என்று சொன்னேன். அதற்கே "நாலு மாசத்துக்கு மீன் வாங்கலாமே" என்றாள்.

ரீல் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஸ்வீடனில் 1921-ல் ஆரம்பித்த 'அபு' கம்பெனி கடிகாரமும் டாக்ஸி மீட்டரும் செய்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு, டாக்ஸி ஓடவில்லை, மீட்டர் விற்கவில்லை. பல்சக்கரம் செய்யத் தெரிந்த கை சும்மா இருக்குமா? மீன்பிடி ரீல் செய்ய ஆரம்பித்தார்கள். உலகப் பிரசித்தம் ஆகிவிட்டது. சென்னை ஆட்டோக்களில் மீட்டர் ஏன் ஓடுவதில்லை என்று இப்போது புரிகிறது. எல்லாரும் கழற்றிக்கொண்டு மீன் பிடிக்கப் போயிருக்கிறார்கள்.

பொதிகை எக்ஸ்பிரஸில் ராடு பையை மேல் பெர்த்தில் என் பக்கத்திலேயே படுக்கவைத்துக்கொண்டேன். எதிர் சீட் பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, நாதஸ்வரமா?" என்றார். ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். தூண்டில் என்றேன். சங்கரன்கோவில் வரும்வரை பேசவில்லை.

* * *

மாமா (அம்மாவின் தம்பி) பையைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்தார். ரப்பர் தவளையை மட்டும் அமுக்கி அமுக்கிப் பார்த்தார்.

"என்ன வெல மாப்ளே?"

"முன்னூத்தம்பது, மாமா."

"ஒண்ணா?"

"ஒண்ணு."

"வாசல்ல மழைக்கு அம்பது கெடக்கு. புடிச்சுட்டுப் போயி உங்க ஊர்ல வித்துப்புடு."

கார்த்திகை மாசம். மலையில் நல்ல மழை, குளம் நிறைந்து கிடந்தது. நேரே போய்த் தூண்டிலைப் போட்டுவிட முடியாது. குளத்து மீனைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒருத்தர் இருப்பார். அவரைப் பார்த்து, "அண்ணாச்சி, சும்மா பொழுதுபோக்குக்கு, ஒரே ஒரு கம்புதான்" என்று கேட்டுவிடவேண்டும். கேட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். கேட்காமல் போய் நின்றால் நடப்பது வேறு. எங்கள் அண்ணாச்சி என் ராடை வளைத்துப் பார்த்துவிட்டு, "இதுலயா? போடுங்க, போடுங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மாமாவின் ஆயுதம் ஒரு மூங்கில் கம்பு, கம்பு நீளத்துக்கு நரம்பு, சோளத்தட்டையில் ஒரு தக்கை, துளி ஈயம், 10-ம் நம்பர் முள். தூண்டில் முள்ளின் நம்பர் பள்ளிக்கூட ரேங்க் மாதிரி. நம்பர் ஏற ஏற ஆள் சிறிசு. 10-ஐ விட 6 பெரியது, 6-ஐ விட 1 பெரியது. இது தெரியாமல் '20-ம் நம்பர் கொடுங்க, பெரிய மீனுக்கு' என்று கேட்டால் கொசு பிடிக்கிற சைஸில் கொடுப்பார்கள். கேட்டவன் சொல்கிறேன்.

மண்புழுவைத் துண்டாக்கி, முள்ளின் நுனி வெளியே தெரியாமல் கோத்து, அரை மணி நேரத்தில் ஏழு ஜிலேபிக் கெண்டை எடுத்தார். ஜிலேபி ஆப்பிரிக்க இனம். 1952-ல் இந்தியாவுக்குள் வந்தது. வந்ததிலிருந்து போகவில்லை. அதைப் பிடிப்பதில் வித்தை ஒன்றுதான். தக்கை லேசாக ஆடினால் அது கடித்துப் பார்க்கிறது, பேசாமல் இருக்கவேண்டும். தக்கை சாய்ந்து ஒரு பக்கமாக ஓடினால், அப்போது இழுக்கவேண்டும். ரோகு, கட்லா வேண்டுமென்றால் கடலைப் புண்ணாக்கும் மாவும் பிசைந்த உருண்டை. கெளுத்திக்கு இரை தரையில் கிடக்கவேண்டும். பிடித்தபின் ஜாக்கிரதை, துடுப்பில் இருக்கும் முள் குத்தினால் ராத்திரி முழுக்க முருகா முருகாதான்.

நான் இதையெல்லாம் ஒரு புன்சிரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தேன். நமக்கு விரால்!

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் காலை ஒன்றும் இல்லை. தவளை பறந்துபோய் இலைமேல் விழும், குதிக்கும், திரும்பி வரும். கரையில் ஆடு மேய்க்கும் பையன் ஒருத்தன், "அண்ணே, அது நீந்தத் தெரியாத தவளையா?" என்று கேட்டான்.

அன்று சாயங்காலம் மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. "நீ தண்ணியப் பாக்காம தவளையப் பாக்க மாப்ளே" என்றார். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. காற்றும் வேண்டும். சில நிமிஷத்துக்கு ஒரு தரம் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். வராமல் தடுத்துவிட்டால் மீனே தண்ணீருக்குள் மூச்சுமுட்டிச் செத்துவிடும். எனவே கண்டபடி வீசாமல், 'மொளுக்' என்று குமிழி வரும் இடத்தைப் பார்த்து, அதற்கு இரண்டு அடி தாண்டிப் போட்டு, நிறுத்தி, அசைத்து, நிறுத்திக் கொண்டுவரவேண்டும். தண்ணீர் வெடித்தவுடன் இழுக்கக்கூடாது. அது கவ்வித் திரும்புகிற வரைக்கும் 'ஒண்ணு, ரெண்டு' என்று மனசுக்குள் எண்ணி, பிறகு இழுக்கவேண்டும். ராத்திரி ஒரு மணி வீடியோவிலும் இதேதான் சொன்னான். மாமா வீடியோ பார்த்ததில்லை.

அப்படியே செய்தேன். தண்ணீர் வெடித்தது. பயத்தில் உடனே இழுத்தேன். தவளை என் மூக்குக்கு நேரே திரும்பி வந்தது.

* * *

மூன்றாம் நாள் காலை. மாமா மடைப்பக்கம் போயிருந்தார். கரையோரம், தாமரை இலை இல்லாத ஒரு இடத்தில், சின்னப் பாய் அளவுக்குத் தண்ணீர் சிவப்பாக இருந்தது. குங்குமத்தைக் கொட்டினாற்போல. கிட்டப்போய்ப் பார்த்தால் அந்தச் சிவப்பு கொதித்துக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கில் குஞ்சுகள், மேலே வந்து வந்து போகின்றன. அதற்குக் கீழே, கட்டை மாதிரி ஒரு கறுப்பு நிழல்.

பசிக்காகத்தான் மீன் கடிக்கும் என்று நினைத்திருந்தேன். சிவப்புக்கு நடுவே தவளையை வைத்தேன். ஒண்ணு, ரெண்டு என்று எண்ணக்கூட நேரம் கொடுக்கவில்லை. ராடு வில்லாக வளைந்தது. பத்து நிமிஷம் உலகத்தில் வேறு எதுவும் இல்லை. கரையில் போட்டபோது ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. கூப்பிட்ட குரலுக்கு மாமா ஓடிவந்தார்.

மீனைப் பார்ப்பார் என்று நினைத்தேன். தண்ணீரைப் பார்த்தார்.

"குஞ்சு மேலயா போட்ட?"

சிவப்புப் பாய் கிழிந்துகொண்டிருந்தது. எங்கிருந்தோ ஜிலேபிகள் வந்துவிட்டன. சளப் சளப் என்று சத்தம். குஞ்சுகள் நாலாப் பக்கமும் சிதறின. சிதறிய ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வாய் இருந்தது.

"பசிக்குக் கடிக்கலடே அது. காவலுக்குக் கடிச்சிருக்கு" என்றார் மாமா. "நானும் எடுத்திருக்கேன், சின்ன வயசுல. தப்பவே தப்பாது. அதான் எடுக்கப்பிடாது."

விராலில் அப்பனும் அம்மாவும் காவல் இருக்கும், அதிகமாக நிற்பது அப்பன். பாஸ் மீனிலும் முட்டையையும் குஞ்சையும் காப்பது அப்பன்தான். அதனால் கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் பல பகுதிகளில் ஜூன் பாதி தாண்டும் வரை பாஸ் பிடிக்கத் தடை. நம் கிழக்குக் கடற்கரையில்கூட ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகுகள் போகக்கூடாது. எங்கள் குளத்தில் அந்தச் சட்டத்தின் பெயர் மாமா. இதையெல்லாம் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த நிமிஷம் எனக்கு ஞாபகம் வந்தது எல்லாம் 8,400 ரூபாயும் மூன்று நாளும் மனைவியின் முகமும்தான். வேறு விரால் கிடைக்கப் போவதில்லை. மறுநாள் ராத்திரி ரயில்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. விடு என்றும் சொல்லவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு மலைப்பக்கம் பார்த்தார்.

முள்ளைக் கழற்ற நேரம் பிடித்தது. இரண்டு முள்ளில் ஒன்று தாடையை நன்றாகப் பிடித்திருந்தது, கொஞ்சம் ரத்தம். தண்ணீரில் விட்டேன். உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் என் கால் பக்கத்திலேயே நின்றது. பிறகு ஒரு திருப்பு, காணோம். ஜிலேபிகள் கலைந்ததா, அதுவாக வந்து கலைத்ததா, கலங்கிய தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை.

நாலாம் நாள் காலையில் ராடு இல்லாமல் போனேன். அந்த இடத்தில் சிவப்பு இல்லை. கரையோடு நடந்து தேடினேன். ஆடு மேய்க்கும் பையனும் கூடவே வந்தான். அந்தப் பக்கக் கோரைக்குள் கொஞ்சம் சிவப்பாகத் தெரிகிறது என்றான். எனக்குத் தெரியவில்லை. மாமாவைக் கேட்டேன்.

"எடம் மாத்திக் கூட்டிட்டுப் போயிருக்கும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

முள்ளின் கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிட்டால் கழற்றுவது சுலபம், மீனுக்கும் காயம் குறைவு என்று சென்னைக்கு வந்தபின் கடைக்காரர் சொன்னார். விற்கும்போது சொல்லியிருக்கலாம். நாலு தவளைக்கும் நசுக்கி வைத்திருக்கிறேன்.

மாமா கொடுத்தனுப்பிய உப்புப் போட்ட ஜிலேபிக் கருவாடு அரைக் கிலோ இருந்தது. மனைவி பிரித்துப் பார்த்துவிட்டு, "நீங்க பிடிச்சதா?" என்றாள்.

"மாமா பிடிச்சது."

"அவர் எவ்வளவுக்குத் தூண்டில் வாங்கினாராம்?"