விதிதான், ஆனா ஓம் விதி!

கோடை மழை ஒண்ணு பெஞ்சா கோயமுத்தூரே குளுந்து போயிடும். நம்ம ஹாம் ரேடியோ ஆளுங்க மட்டும் மறுநாள் காலையில துக்கம் விசாரிச்சுட்டு இருப்பாங்க.

"ஏனுங்ண்ணா, செட்டு போயிருச்சுங்களாமா?"

"ஆமா தம்பி, பவர் சப்ளையும் சேர்ந்து போச்சு. இடிக்கு நாம என்ன பண்றது, விதி!"

இந்த 'விதி'ங்கற வார்த்தைதான் எனக்கு ஆகவே மாட்டேங்குது. விதிதாங்க, ஒத்துக்கறேன். ஆனா தலைவிதி இல்லை, பத்தாங்கிளாஸ்ல படிச்ச ஓம் விதி :-)

கணக்குப் போட்டுப் பாருங்க. சாதாரணமா ஒரு மின்னலோட உச்ச மின்னோட்டம் சுமார் 30,000 ஆம்பியர். உங்க எர்த் குழியோட தடை 10 ஓம்னு வைங்க. பெருக்கினா 3 லட்சம் வோல்ட்! 'எர்த்'னா பூஜ்யம்னு நாம நம்பிட்டு இருக்கோமே, அந்த நொடியில அது பூஜ்யமே இல்லை.

அப்ப எல்லாம் கருகியே ஆகணுமா? இல்லை. 11,000 வோல்ட் கம்பியில காக்கா சுகமா உக்காந்திருக்கு, பாத்திருப்பீங்க. ரெண்டு காலும் ஒரே வோல்டேஜ்ல இருக்கறவரைக்கும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. இறக்கை பக்கத்துக் கம்பியில பட்டாத்தான் தீந்துது கதை. நம்ம ரேடியோவும் அந்தக் காக்கா மாதிரிதான்.

இப்ப நம்ம ஊர்ல காலங்காலமா சொல்ற அறிவுரையைக் கேளுங்க: "ரேடியோவுக்குத் தனி எர்த் போடு, வீட்டு எர்த்தோட கலக்காதே." இதைவிட விஷமான அறிவுரை கிடையாது. ஆண்டெனா எர்த் ஒரு குழியில, பவர் சப்ளை எர்த் இன்னொரு குழியில. ஒரு குழி 3 லட்சத்துக்கு ஏறுது, இன்னொண்ணு கீழயே நிக்குது. அந்த வித்தியாசம் எது வழியாப் போகும்? நடுவுல மேசை மேல இருக்கற உங்க செட்டு வழியாத்தான். காக்காயை ரெண்டு கம்பியில நிக்க வெச்சுட்டு விதின்னு சொன்னா எப்படி?

தனி எர்த் போட்டா இரைச்சல் குறையுதுன்னு சீனியருங்க சொல்றாங்க. குறையட்டும். எத்தனை குழி வேணும்னாலும் தோண்டுங்க. ஆனா எல்லாத்தையும் தடிமனான செம்புப் பட்டையால வீட்டுக்கு வெளியிலேயே ஒண்ணாக் கட்டுங்க. நான் கேக்கறது அவ்வளவுதான்.

அடுத்தது மண்ணு. நம்ம பக்கம் நாலடி தோண்டினா சுக்காங்கல்லு, அதுக்குக் கீழ பாறை. போதாக்குறைக்கு சித்திரை, வைகாசியில முதல் இடி வர்றப்பதான் மண்ணு எலும்பாக் காஞ்சு கிடக்கும், தடை எகிறி நிக்கும். கிரகப்பிரவேசத்துக்குக் கொட்டின கரியும் உப்பும் இன்னும் காவல் காக்கும்னு நினைக்கறது மூடநம்பிக்கை. ஒத்தைக் கம்பி பத்தாது. நாலஞ்சு கம்பியைத் தள்ளித் தள்ளி அடிச்சு, பட்டையால இணைக்கணும். கடையில வாங்கற அரெஸ்டரும் அது போய்ச் சேர்ற எர்த் அளவுக்குத்தான் வேலை செய்யும்.

"சுவிட்சை அணைச்சுட்டேனே, எம்சிபி இருக்கே"ன்னு ஒரு கூட்டம் இருக்கு. மேகத்துலருந்து கிலோமீட்டர் கணக்குல காத்தைக் கிழிச்சுட்டு வர்றது, சுவிட்சுக்குள்ள இருக்கற ரெண்டு மூணு மில்லிமீட்டர் இடைவெளியில நின்னு யோசிக்குமா? எம்சிபி விழறதுக்கு மில்லிசெகண்ட் கணக்குல ஆகும். மின்னல் உச்சிக்கு ஏற சில மைக்ரோசெகண்ட் போதும்.

இன்னொரு பக்கம் அக்கம்பக்கத்துச் சனம். "உங்க கம்பிதான் இடியை இழுக்குது, கழட்டுங்க." உயரமான கம்பத்துல அடி விழ வாய்ப்பு கூடுதல்தான், மறுக்கலை. அதனாலதான் அதை மண்ணுக்கு ஒழுங்கா இறக்கணும்ங்கறேன். ஆனா ஆண்டெனாவே இல்லாத தெருவுலயும் டிவி போகுதே? கரண்டு கம்பியும் கேபிள் வயரும் தூரத்துல விழுந்த இடியையும் வீட்டுக்குள்ள கொண்டாந்துடும்.

இதே சனம், "கோபுரக் கலசத்துல வரகு இருக்கு, அதுதான் இடிதாங்கி"ன்னும் சொல்லும். கோயிலை நான் குறை சொல்லலை. கலசத்துலருந்து மண்ணுக்குக் கம்பி இறங்கலைன்னா வரகும் காப்பாத்தாது, செம்பும் காப்பாத்தாது. இடிதாங்கிங்கறது வெறும் கூர்முனை இல்லைங்க, மண்ணுவரைக்கும் போற பாதை. 1753-ல செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்ல கியோர்க் ரிச்மன்னு ஒரு விஞ்ஞானி, கூரையிலருந்து கம்பியை வீட்டுக்குள்ள இழுத்தார், மண்ணுக்கு இறக்கலை. புயல்ல அளந்து பாக்கப் போனவர் அங்கேயே செத்தார்.

எல்லாம் செஞ்சாலும் நேரடி இடிக்கு முழு உத்தரவாதம் கிடையாது. அதனால தூரத்துல முதல் சத்தம் கேக்கும்போதே ஆண்டெனா கேபிளைக் கழட்டுங்க, பிளக்கைப் பிடுங்குங்க. மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவுல 3 செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர். தலைக்கு மேல வந்துட்டா கேபிளைத் தொடவே தொடாதீங்க. செட்டு போனா வாங்கிக்கலாம்.

பொழுதுபோக்குக்கு எதுக்கய்யா இவ்வளவு ஆவேசம்னு கேப்பீங்க. 2004 டிசம்பர் 26 சுனாமியப்ப போர்ட் பிளேர்ல பாரதி பிரசாத் ஹாம் செட்டோட இருந்தாங்க. அந்தமான்ல போன் செத்துப்போன நேரத்துல அந்த ரேடியோதான் பேசுச்சு. நாமளும் அவசரத்துக்கு உதவுவோம்னு பெருமை அடிச்சுக்கறோம். அந்த அவசரம் புயலோடயும் இடியோடயும்தான் வரும். முதல் இடியிலயே செத்துப்போற நிலையம் யாருக்கு உதவும்?

மோர்ஸ்ல நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தைன்னு அப்புறம் பேசலாம். உங்க எர்த் எத்தனை ஓம்? அதைச் சொல்லுங்க முதல்ல.