பேர் ஒருவருக்கு, வேலை ஒருவருக்கு

பாம்பன் கரையில் காலை வேளையில் நின்று, வரிசையாகக் கட்டிக் கிடக்கும் படகுகளின் முகப்பைப் படித்துக்கொண்டு போவது நல்ல பொழுதுபோக்கு. ஒன்றில் அந்தோணியார் பெயர். அடுத்ததில் அம்மன் பெயர். அதற்கும் அடுத்ததில் முதலாளியின் பேத்தி பெயர். சர்க்கார் கொடுத்த பதிவு எண்ணும் தவறாமல் இருக்கிறது. ஆனால் படகைக் கட்டிய ஓடாவியின் பெயரைத் தேடினால் அகப்படுவது அபூர்வம். வாச்சியைத் துடைத்து வைத்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு அவர் வீடு திரும்பிய அன்றே, அவருடைய பெயரும் அந்தப் படகை விட்டுப் போய்விடுகிறது.

இந்த விஷயம் நம் தேசத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை நேயர்களுக்கு எடுத்துக்காட்ட, கடலுக்கு அப்பாலுள்ள ஒரு வியாபாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுதான் அலைப்பலகை வியாபாரம்.

அலைமீது பலகையில் நின்று சறுக்கி வரும் விளையாட்டை உலகுக்குத் தந்தவர்கள் ஹவாய்த் தீவினர். அங்கே பிரபுக்கள் ஏறிய நீண்ட பலகைகளை 'விலிவிலி' என்னும் இலேசான மரத்தில் செய்தார்கள். அது நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் கல்யாண முருங்கைக்கு நெருங்கிய உறவு. இப்போது சென்னைக்குத் தெற்கே கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவர் பிள்ளைகள் இவ்விளையாட்டில் கைதேர்ந்திருக்கிறார்கள்.

1950-களின் கடைசியில் மரத்துக்குப் பதிலாக ரசாயன நுரைக்கட்டி வந்தது. ஒருவர் அந்தக் கட்டியை இழைத்து வளைவும் விளிம்பும் கொடுக்கிறார். இன்னொருவர் கண்ணாடி நாரை விரித்துப் பிசின் பூசுகிறார். மூன்றாமவர் தேய்த்து மெருகேற்றுகிறார். இவர்களுள் முதல்வரே செதுக்குநர். விளிம்பில் அரை விரற்கடை கூடினாலும் குறைந்தாலும் பலகை அலையில் வேறு விதமாக நடந்துகொள்ளும் என்பதால், நல்ல செதுக்குநரின் பெயருக்குச் சந்தையில் பெரு மதிப்பு உண்டு. முடிந்த பலகையின் நடுச் சட்டத்தில் பென்சிலால் அளவுகளைக் குறித்து, கீழே கையொப்பமிடுவதும் அவர்கள் வழக்கம்.

பெயருக்கு மதிப்பு ஏறியதும் சங்கடம் ஆரம்பமாயிற்று. புகழ் பெற்றவருக்கு இரண்டே கைகள்; அவர் பெயரைக் கேட்டு வருகிறவர்களோ ஆயிரக்கணக்கானவர்கள். ஆகவே வேறொருவர் செதுக்குவதும், புகழ் பெற்றவரின் முத்திரையை அதன்மேல் ஒட்டுவதும் வழக்கமாயின. இப்படி மறைவில் வேலை செய்கிறவரை அத்தொழிலார் 'ஆவி' என்றே அழைக்கிறார்கள். நம் ஊர் ஓடாவியின் பெயரிலும் ஓர் ஆவி ஒட்டிக்கொண்டிருக்கிறது! சொற்பிறப்பு எதுவானாலும், நிலைமை என்னவோ பொருந்தித்தான் இருக்கிறது.

கலிபோர்னியாவில் டேனா பாயிண்ட் என்ற ஊரில், 1954-இல் ஹோபி ஆல்டர் என்பவர் ஒரு பலகைக் கடை திறந்தார். 'ஹோபி' என்ற முத்திரை உலகப் பிரசித்தி அடைந்தது. அம்முத்திரை தாங்கிய பலகைகளுள் மிகப் பலவற்றைச் செதுக்கியவர் டெர்ரி மார்ட்டின். 2012-இல் காலமாகும் வரையில் அவர் கையால் செதுக்கிய பலகைகள் 80,000-க்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். தொழிலுக்குள் அவரை அறியாதவர் இல்லை; ஆனால் கடையில் நின்று காசு கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும்?

பிற்பாடு கணக்கு யந்திரங்கள் செதுக்கவும் கற்றுக்கொண்டன. தாய்லாந்து தேசத்தில் சோன்புரி என்ற பிரதேசத்தில் கோப்ரா என்னும் பெரிய தொழிற்சாலை இருக்கிறது. அது 1978-இல் ஏற்பட்டது. பல தேசத்துக் கம்பெனிகளின் பலகைகள் அங்கே உருவாகின்றன. புகழ் பெற்ற செதுக்குநர்களின் மாதிரிகளை வைத்து அச்சு எடுத்து, அவர்கள் பெயரோடு வார்க்கப்படும் பலகைகளும் அவற்றில் உண்டு. பெயர் கலிபோர்னியாக்காரருடையது, பிசின் பட்ட விரல்கள் தாய்லாந்துக்காரருடையவை.

இதில் நமக்கு என்ன பந்தம் என்று கேட்கலாம். பந்தம் பலமாகவே இருக்கிறது. அதே ஹோபி ஆல்டர் 1960-களின் கடைசியில் இரட்டை உடல் கொண்ட சிறு பாய்ப்படகு ஒன்றைச் செய்து இன்னும் பெரும்புகழ் அடைந்தார். அந்த ஜாதிப் படகுக்கு உலகம் வழங்கும் பெயர் 'காட்டமரான்'. அதாவது நம் கட்டுமரம். சோழமண்டலக் கரையில் கண்ட கட்டுமரங்களைப் பற்றி டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697-இல் அச்சான தம் பிரயாண நூலில் எழுதினார். அத்தகையோர் வாயிலாக அச்சொல் ஐரோப்பாவுக்குப் போயிற்று. ஆனால் நம் கட்டுமரத்துக்கு இரட்டை உடல் கிடையாது. அது மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய மிதவை. இரட்டை உடல் படகைக் கண்டவர்கள் பசிபிக் தீவினர். ஆகவே உருவம் பசிபிக் தீவினருடையது, சொல் தமிழருடையது, முத்திரை கலிபோர்னியாக் கடைக்காரருடையது!

நம் சொல் உலகமெங்கும் வழங்குகிறது என்று நாம் மார்தட்டிக்கொள்கிறோம். சொல் போயிற்று, சரி. அந்த மரத்தைக் கட்டியவர்களில் ஒருவர் பெயராவது அதோடு போயிற்றா?

கட்டுமரம் செய்வது ஏதோ கட்டையைக் கயிற்றால் சுற்றும் காரியம் என்று யாரும் எண்ண வேண்டாம். மலைவேம்பு போன்ற இலேசான மரத்தைத் தேர்ந்து, வாச்சியால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் செதுக்கி, முன்புறம் அலையைக் கிழித்து ஏறும்படி நிமிர்த்திக் கூராக்கி, கயிற்றால் பிணைத்தால் எல்லாம் ஓருடல்போல் நிற்க வேண்டும். மேலே ஏறிய தண்ணீர் இடுக்குகளின் வழியே இறங்கிவிடுவதால் அது மூழ்குவதில்லை. கரைக்கு வந்ததும் அவிழ்த்து உலர்த்தலாம். அலை குறைந்த பாக் விரிகுடாப் பக்கத்திலோ வத்தை என்னும் பாய்ப்படகு ஓடிற்று. காற்று ஒரு புறம் சாய்க்கும்போது, குறுக்கே நீட்டிய பலகையில் ஆட்கள் ஏறி நின்று அதைச் சமன் செய்வார்கள். காகிதத்தில் படம் வரையாமல், கண்ணையும் நூலையும் நம்பியே இவற்றைச் செய்தார்கள். ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லத் தம் தந்தை ஒரு மரப்படகு கட்டியதையும், அது உருவாகி வந்ததைச் சிறுவனாக அருகில் நின்று பார்த்ததையும் அப்துல் கலாம் தம் வாழ்க்கை வரலாற்றில் நினைவு கூர்ந்திருக்கிறார். இன்று பெரும்பாலான குப்பங்களில் கண்ணாடி நார்ப் படகுகளே கிடக்கின்றன. வாச்சிக்கு வேலை குறைந்துவிட்டது.

இனி, நியாயம் எந்தப் பக்கம் என்று பார்ப்போம். பெயர் வைத்துக்கொண்டிருப்பவர் சொல்லக்கூடியது இது: "மாதிரி என்னுடையது. வேலை கற்றுக்கொடுத்தவன் நான். பொருளில் குறை இருந்தால் பழி எனக்கு. இதில் வாங்குகிறவனுக்கு என்ன நஷ்டம்?" இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ராமேசுவரம் ஆலயத்தின் மூன்றாம் பிராகாரத்தை முத்துராமலிங்க சேதுபதி கட்டி முடித்தார் என்கிறோம். ஆயிரத்துக்கு மேற்பட்ட அந்தத் தூண்களைச் சேதுபதியே உளி பிடித்துச் செதுக்கினார் என்று யாராவது நினைக்கிறார்களா? செய்வித்தவர் பெயர் வேறு, செய்தவர் பெயர் வேறு என்பது குழந்தைக்கும் தெரியும். அங்கே ஏமாற்றம் இல்லை, மறதிதான் உண்டு.

அலைப்பலகையில் இட்ட கையொப்பம் அப்படிப்பட்டதன்று. 'இது என் கைவேலை' என்று அது சொல்கிறது. அதற்காகவே அதிக விலை கேட்கிறது. மாதிரி மட்டும் தம்முடையதானால், "மாதிரி என்னுடையது, செதுக்கியவர் இன்னார்" என்று இரண்டு வரி எழுதுவதில் என்ன தடை? பொருளில் வித்தியாசம் இல்லை என்பது உண்மையானால் மறைப்பதற்கும் காரணம் இல்லை. நஷ்டம் வாங்குகிறவனுக்கு மட்டுமா? எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் மறைவுத் தொழிலாளி, கை தளர்ந்த பிறகு எந்தப் பெயரைச் சொல்லி வாழ்வான்? முப்பது வருஷம் உழைத்தும் அவனுடைய கீர்த்தி இன்னொருவர் பெட்டியில் அல்லவா பூட்டியிருக்கிறது? தகப்பன் நிலையைப் பார்த்த மகன் உளியைத் தொட விரும்புவானா?

சுதேசி இயக்கம் நமக்குக் கற்பித்த பாடமும் இதுவே. அந்நியத் துணியைத் தள்ளியதோடு காந்தியடிகள் நிற்கவில்லை. 1925-இல் அகில இந்திய சர்க்கா சங்கம் ஏற்பட்டது. 1935-இல் நூற்கிறவர்களுக்கு வயிறாரச் சாப்பிடப் போதுமான கூலி கொடுத்தே ஆக வேண்டும் என்று அவர் வற்புறுத்த, கதர் விலை ஏறினாலும் ஏறட்டும் என்று சங்கம் அதை ஏற்றது. எந்தக் கடையில் வாங்கினோம் என்பதோடு, எந்தக் கை நூற்றது, அந்தக் கைக்கு என்ன கிடைத்தது என்று கேட்கவும் தேசம் அன்று கற்றுக்கொண்டது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாமெல்லாரும் மகிழ்ந்தோம். ஊருக்குக் கிடைத்த மரியாதை நியாயமே. கைக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?

பெரிய சட்டம் ஒன்றும் கேட்கவில்லை. மண்டபத்திலோ பாம்பனிலோ புதுப் படகு கட்டும் முதலாளிகள், உள்பக்கத்து வங்கில் ஒன்றில் ஓடாவியின் பெயரையும் வருஷத்தையும் அவரையே பொறிக்கச் சொல்லலாம். முகப்பில் அந்தோணியாரும் அம்மனும் பேத்தியும் இருக்கட்டும். அவர்களுடைய இடத்தை அவர் கேட்கமாட்டார். பலகை விட்டுப்போனால் யாரை அழைப்பது என்று தெரியும். பத்து வருஷம் புயலில் நின்றால் அடுத்த படகுக்கு யாரிடம் போவது என்றும் தெரியும்.

நடுக்கடலில் காற்று திரும்பும்போது, முகப்பில் எழுதிய பெயர்களை எல்லாரும் வாய்விட்டு அழைக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்களைத் தாங்குவதோ உள்ளே பெயரில்லாமல் இருக்கிறவரின் வேலை. கரைக்கு வந்த பிறகாவது அவரை ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிடலாம்.