முதலிடமாம், முதலிடம்!

போன வாரம் எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பர் செய்தி போட்டார். ஆறு, ஏரிகளில் மீன் பிடிப்பதில் சீனாவை முந்தி உலகிலேயே இந்தியா முதலிடமாம். கீழே வரிசையாகக் கைதட்டல்கள். நான் மட்டும் தட்டவில்லை. ஏன் என்று கேட்டார். போனில் தட்டி மாளாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எண் சரிதான். ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி 2022இல் இந்தியா 19 லட்சம் டன், வங்கதேசம் 13 லட்சம், சீனா 12 லட்சம். குளம் வெட்டி வளர்க்கிற மீன் இதில் சேராது. ஆனால் 2018இல் சீனா 19.6 லட்சம், நாம் 17 லட்சம். பிறகு என்ன நடந்தது? யாங்சே ஆற்றில் மீன் அற்றுப்போகிறதென்று, 2021 ஜனவரி 1 முதல் பத்தாண்டுக்கு அங்கே வலை போடக் கூடாது என்று சீன அரசு தடை விதித்தது. முன்னால் ஓடியவன் நின்றுவிட்டான், நாம் பரிசு வாங்கிக்கொண்டோம். இதற்கா கைதட்டல்?

சரி, தலைக்கு வகுத்துப் பார்ப்போம். நமக்கு ஆளுக்கு ஒன்றரை கிலோ கூட இல்லை. வங்கதேசத்தில் ஏழரை கிலோ. கம்போடியாவில் பிடிப்பு ஏறக்குறைய 4 லட்சம் டன்தான், ஆனால் தலைக்கு 20 கிலோவுக்கு மேல்!

கம்போடியாவின் தொன்லே சாப் ஏரியை நான் பள்ளியிலேயே அறிவேன். எங்கள் பிரெஞ்சுப் பாடப் படங்களில் அது 'பெரிய ஏரி'. மழைக்காலத்தில் மெக்கோங் பெருகினால், ஏரியிலிருந்து வரும் ஆறு திரும்பி ஏரிக்குள்ளேயே பாயும். 2,500 சதுர கிலோமீட்டர் ஏரி 15,000 வரை விரியும். ஆறு பின்னால் ஓடும் என்று வாத்தியார் சொன்னபோது வகுப்பே சிரித்தது. அந்த நாட்டின் அரசுக் கணக்கில் 1998இல் உள்நாட்டு மீன்பிடிப்பு சுமார் 75 ஆயிரம் டன். மறு வருஷம் 2 லட்சத்து 31 ஆயிரம். மீன் ஓராண்டில் மூன்று மடங்கு குட்டி போடவில்லை. வீட்டுக்காகப் பிடிக்கிற மீனையும் வயல் மீனையும் அப்போதுதான் கணக்கில் சேர்த்தார்கள்.

இதில் எனக்கு வியப்பில்லை. நானும் குமாஸ்தாவாக இருந்தவன்தானே. ஓர் அலுவலகத்தில் மாதாந்திர அறிக்கைக்கு விவரம் வராவிட்டால், "போன வருஷத்தோட அஞ்சு பர்சன்ட் கூட்டிப் போடுங்க சார்" என்பார் மேலதிகாரி. போட்டிருக்கிறேன். மியான்மரில் இலக்கையே பிடிப்பாக எழுதி வந்தது தெரிந்து, ஐ.நா. அமைப்பு அந்நாட்டுப் பழைய எண்களைக் குறைத்துத் திருத்தியது. எத்தனை நாட்டு எண்களில் என்னைப் போன்றவர்களின் கைவரிசை இருக்கிறதோ!

இந்தக் கூட்டுத்தொகை மறைப்பது இன்னொன்று. கடலிலிருந்து கங்கையில் ஏறும் ஹில்சா மீன் ஒரு காலத்தில் அலகாபாத் தாண்டியும் போனது. 1975இல் பராக்கா அணை வந்து வழி அடைபட்டது. மேலே இருந்த மீனவர்கள் அந்த மீனை இழந்தார்கள். அவர்கள் இழந்த டன்னை வேறெங்கோ ஒரு நீர்த்தேக்கம் ஈடுகட்டிவிடுகிறது, தேசிய எண் ஏறிக்கொண்டே போகிறது.

நண்பரே, எந்த ஆற்றில் எந்த மீன் எவ்வளவு, பத்து வருஷத்துக்கு முன் எவ்வளவு என்று ஒரு பட்டியல் அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டுக் கைதட்டுகிறேன்.