புதுமை என்கிற சுற்றறிக்கை

'புதுமை' என்ற சொல்லை நான் இரண்டு இடங்களில் சந்தித்திருக்கிறேன். முதலாவது, சிறு பத்திரிகைகளில். அங்கு அது சுலபமான சொல் இல்லை. அதைச் சொல்பவன் கையிலிருந்து எதையாவது கொடுத்தாக வேண்டும். மற்றது, நான் வாழ்நாளில் பெரும்பகுதி தமிழ் போதித்த பல்கலைக்கழகத்தின் சுற்றறிக்கையில். எந்தப் பல்கலைக்கழகம் என்பது முக்கியமில்லை. எல்லாவற்றிலும் இதே காகிதம்தான் சுற்றுகிறது. மாணவர் சேர்க்கையைப் பெருக்கவும் வருவாயை உயர்த்தவும் புதுமையான யோசனைகளைத் துறைகள் பதினைந்து நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். இதுதான் அதன் சாரம். புதுமைக்குக் கெடு பதினைந்து நாள்.

இந்தச் சொல் எங்கிருந்து எங்கே போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து'வைத் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் கொண்டுவந்தார். புத்தக மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்தார். அப்போது நம் தமிழ்த் துறைகள் என்ன செய்துகொண்டிருந்தன? யாப்பில்லாதது கவிதையாகுமா என்று கேட்டுக்கொண்டிருந்தன. வெகு காலம் கழித்து, எதிர்ப்பு அலுத்துப்போன பிறகு, புதுக்கவிதையைப் பாடத்தில் வைத்தன. வைத்த மறுவருஷமே கடைத்தெருவில் அதற்கு நோட்ஸ் வந்துவிட்டது. படைப்பை இப்படி ஜீரணித்தவர்கள் இப்போது சொல்லையும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மிச்சம் வைக்க மனமில்லை.

பணம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். சம்பளம் மூன்று மாதம் நின்றுபோன குடும்பம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தேசிய வருமானத்தில் ஆறு சதவிகிதம் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று கோத்தாரி கமிஷன் 1966இல் சொன்னது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையும் அதே ஆறு சதவிகிதத்தைத் திரும்பச் சொல்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே எண்ணை லட்சியமாகவே வைத்திருப்பதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டும். அரசு கொடுக்காததை மாணவனிடமிருந்து வசூலித்துக்கொள் என்பதுதான் துணைவேந்தர்களுக்கு இடப்பட்ட கட்டளை. அந்தக் கட்டளைக்குப் பூசிய வர்ணம்தான் புதுமை. என் சண்டை வசூலோடு அல்ல, வர்ணத்தோடு. வசூல் என்றே சொல்லியிருந்தால் யாரிடமிருந்து, எதற்கு, எவ்வளவு என்று கேட்டிருக்கலாம். புதுமை என்று சொன்னதும் கேள்வி கேட்பவன் பழமைவாதியாகிவிடுகிறான்.

இது இன்று தொடங்கியதில்லை. நம் பல்கலைக்கழகங்கள் கண்ட பெரிய புதுமை அஞ்சல் வழிக் கல்வி. டில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் ஆரம்பித்தது. மதுரை 1971இல், அண்ணாமலை 1979இல், சென்னை 1981இல் இறங்கின. இதைக் கேலி செய்ய நான் தயாராயில்லை. கல்லூரி வாசலை மிதிக்க முடியாத எத்தனையோ பேர் இதன் வழியாக ஒரு பட்டம் பெற்றார்கள். பஸ் கண்டக்டர்கள், டைப்பிஸ்டுகள், பதினெட்டு வயதில் கல்யாணமாகிப் போன பெண்கள். என் அக்காவும் ஒருத்தி. சமையலறையில் அரிக்கேன் வெளிச்சத்தில் அந்தச் சாணித்தாள் பாடங்களைப் படித்தாள். அந்த பி.ஏ. அவளுக்கு வேலை வாங்கித் தரவில்லை, ஆனால் வீட்டில் அவள் குரலை மாற்றியது. எனவே எண்ணம் உன்னதமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் எண்ணம் உன்னதமாயிருந்தது என்பதே நிர்வாகத்துக்கு வசதியாய்ப் போயிற்று. கட்டடம் வேண்டாம், விடுதி வேண்டாம், ஆசிரியர்களைப் பெருக்கவும் வேண்டாம். ஒரு முறை எழுதி அச்சடித்த பாடத்தைப் பத்து வருஷம் அனுப்பலாம். கட்டணம் மட்டும் வருஷா வருஷம் வரும். முகம் தெரியாத அந்த மாணவனின் பணத்தில் வளாகத்தின் விளக்குகள் எரிந்தன. அவனுக்கு அந்த வளாகத்தின் நூலகத்தில் ஒரு நாற்காலி உண்டா? அவன் எழுதியதைப் படித்து, இது தவறு, இப்படி யோசி என்று ஒரு வரி எழுதியனுப்ப ஒருவர் உண்டா? எங்கள் இடத்தில் இல்லை. ஏழை படிக்கட்டும் என்று ஆரம்பித்தது, ஏழை கட்டட்டும் என்று முடிந்தது.

இந்த ஏற்பாட்டில் நானும் கூலிக்காரன். விடைத்தாளுக்கு இத்தனை ரூபாய் என்ற கணக்கில் கோடை விடுமுறைகளில் திருத்தியிருக்கிறேன். ஒரு வருஷம் புதுமைப்பித்தன் கதைகள் பற்றி ஒரு கேள்வி. கட்டுக் கட்டாக ஒரே பாராவைப் படித்தேன், எல்லாம் ஒரே நோட்ஸிலிருந்து. நடுவில் ஒரு தாள். இந்தக் கதையில் வரும் பெண் எல்லோரும் சொல்கிறபடி பரிதாபத்துக்குரியவள் அல்ல, அவளைப் பரிதாபமாகப் பார்க்கிறவர்கள்தான் அப்படி என்று கோணலான கையெழுத்தில், எழுத்துப் பிழைகளோடு எழுதியிருந்தது. யாரோ உண்மையாகவே படித்திருக்கிறார்கள். அந்தத் தாளுக்கு முன்னால் நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்? ஒரு நிமிஷம் இருக்கலாம். மாதிரி விடையில் அதற்கு இடமில்லை. பதினைந்துக்கு ஏழு போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன். அன்றைய கணக்கு முடியவேண்டியிருந்தது. இருபது வருஷத்துக்கு மேலாகிறது, அந்த ஏழு மட்டும் என்னை விடவில்லை. பல்கலைக்கழகம் என்ற ஸ்தாபனம் எதற்காக இருக்கிறதோ அந்தக் காரியம் அந்த ஒரு தாளில் தானாக நடந்திருந்தது. அதை அடையாளம் காண வேண்டிய ஒரே ஆள் நான். நான் வேறு கணக்கில் இருந்தேன்.

சரி, வருமானமாவது நிலைத்ததா? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1929இல் ஏற்பட்டது. தமிழுக்கும் இசைக்கும் அது செய்ததை யாரும் மறுக்க முடியாது. தொலைநிலைக் கல்வியில் நாட்டின் மூலை முடுக்கெல்லாம் மாணவர்களைச் சேர்த்தது. அவ்வளவு சேர்க்கைக்குப் பிறகும், அளவு மீறிய பணி நியமனங்களாலும் நிதி நெருக்கடியாலும் தடுமாறி, 2013இல் தனிச் சட்டம் போட்டு அரசே எடுத்துக்கொள்ளும் நிலைக்கு வந்தது. உபரியான ஊழியர்களை அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் பிரித்தனுப்ப வேண்டியிருந்தது. 2014-15க்குப் பிறகு அதன் தொலைநிலைப் படிப்புகளுக்குத் தன் அங்கீகாரம் இல்லை என்று யு.ஜி.சி. 2022இல் பகிரங்கமாக அறிவித்தது. பிணக்கில் யார் பக்கம் நியாயம் என்பதை அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இது செல்லுமா என்று ஆபீஸ் ஆபீஸாக விசாரிப்பவன் மாணவன். சேர்க்கை பெருகினால் பல்கலைக்கழகம் பிழைக்கும் என்ற சித்தாந்தத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

நாம் முன்மாதிரி என்று அண்ணாந்து பார்க்கும் அமெரிக்காவிலும் கதை வேறில்லை. மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகம் மாணவர் தொகை நாற்பதாயிரத்தை எட்டும் என்று கனவு கண்டது. தொகை ஏறுவதற்குப் பதில் இறங்கியது. சுமார் நாலரைக் கோடி டாலர் பற்றாக்குறை. 2023 செப்டம்பரில் 28 பட்டப்படிப்புகளையும் 143 ஆசிரியர் பதவிகளையும் நீக்க முடிவு செய்தார்கள். உலக மொழிகளுக்கான துறையை முற்றாக மூடிவிடுவதுதான் முதல் யோசனை. கூச்சல் எழுந்த பிறகு ஸ்பானிஷ், சீனம் இரண்டையும் கற்பிக்க மட்டும் இடம் வைத்தார்கள். கனவு கண்டவர்கள் நிர்வாகிகள், விலை கொடுத்தவை மொழிகள். எந்த ஊரிலும் கத்தி முதலில் இறங்குகிற இடம் இதுதான்.

எதிர்ப்பக்கத்துக்கு ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்ஸிகன் வேலை 1913இல் தொடங்கியது. ஆறு தொகுதிகள் 1936இல் முடிந்தன, அநுபந்தம் 1939இல். ஆசிரியர்கள் மாறினார்கள், காலக்கெடுக்கள் தாண்டின, வையாபுரிப் பிள்ளை 1926இல் பொறுப்பேற்ற பிறகுதான் ஓட்டம் பிடித்தது. கால் நூற்றாண்டில் ஒரு மாணவனைக்கூடச் சேர்க்காத காரியம். இன்றைய சுற்றறிக்கையின் கண்ணில் அது தண்டச் செலவு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்த அகராதி இல்லாமல் இன்று எந்தத் துறை தமிழில் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிடும்? நம் பல்கலைக்கழகங்கள் செய்த உண்மையான புதுமைகளில் அது ஒன்று. யாரும் அதை அப்படி அழைக்கவில்லை.

எங்கள் துறை என்ன பதில் அனுப்பியது என்று சொல்லாமல் முடித்தால் அது பொய். அந்த வருஷம் எம்.ஏ. தமிழில் ஏழு பேர். பெயரை மாற்றினால் கூட்டம் வரும் என்றார் ஒருவர். 'ஊடகத் தமிழ்' என்று வைத்தோம். சங்க இலக்கியத்தில் ஒரு தாளை எடுத்துவிட்டு விளம்பரம் எழுதும் பயிற்சி சேர்த்தோம். அதைக் கற்பிக்க எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நானும் கையெழுத்திட்டேன். துறை மூடப்பட்டுவிடும் என்ற பயம். அடுத்த வருஷம் பதினொரு பேர் சேர்ந்தார்கள், அதற்கடுத்த வருஷம் ஆறு பேர். சங்கத் தாள் திரும்பி வரவில்லை. ஏழு பேருக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கிறோம், அது போதாதா என்று கேட்கும் தைரியம் அந்த அறையில் இருந்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் இல்லை. பண்டிதத்தனத்தைத் திட்டியே காலம் கழித்த எனக்கும் இல்லை.

புதுமைதான் வேண்டுமென்றால் என்னிடம் யோசனை இருக்கிறது, கெடு தாண்டிவிட்டாலும். அஞ்சல் மாணவன் கட்டும் பணத்தில் ஒரு பங்கை அவன் ஊருக்கே திருப்பியனுப்புங்கள். தாலுகா நூலகத்தில் ஒரு அலமாரி புத்தகமும், மாதம் இரண்டு நாள் வந்து உட்கார்ந்து அவன் எழுதியதைப் படிக்கும் ஒரு ஆசிரியரும் போதும். விடைத்தாளை எண்ணிக்கைக்குத் திருத்தச் சொல்லாதீர்கள். சேர்க்கை கூடாது. வருவாய் நிச்சயமாகக் குறையும்.

ஆனால் கோணல் கையெழுத்தில் வரும் அந்த ஒரு தாளுக்கு யாராவது பதினைந்துக்குப் பதினைந்து போடுவார்கள்.